ஏற்காட்டில் விறகடுப்பு: பற்றவைப்பது முதல் சாம்பல் அள்ளுவது வரை

அடுப்பு நன்றாக எரிகிறதா என்று தெரிய வேண்டுமானால் வீட்டுக்கு வெளியே வாருங்கள். கூரைக்கு மேல் புகைபோக்கியின் முனையைப் பாருங்கள். பற்றவைத்துக் கால் மணி நேரம் ஆன பிறகும் அங்கே வெள்ளை வெள்ளையாகப் புகை திரண்டு வந்தால், காசு கொடுத்து வாங்கி, பிளந்து, காயவைத்து, சுமந்து வந்த விறகில் ஒரு பங்கு எரியாமலே வெளியே போகிறது. கானல் நெளிவது மட்டும் தெரிந்தால் சரி, உள்ளே போய் வேலையைப் பார்க்கலாம். எங்கள் வீட்டுக்கு உதவிக்கு வரும் பெண்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். "அடுப்பு உள்ள இருக்குது, நீங்க என்னக்கா மேல பாக்கச் சொல்றீங்க?" என்று ஆளுக்கொரு முறை கேட்டிருக்கிறார்கள்.

எங்களுக்கு நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம். வீட்டை ஒட்டி இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறோம். கேஸ் அடுப்பு இருக்கிறது, காலை காப்பிக்கும் தோசைக்கும் அதுதான். குளிக்க வெந்நீர், பத்துப் பேருக்குச் சோறு, கோழிக் குழம்பு, ஐப்பசி பிறந்தால் தை முடியும்வரை ஓயாமல் கேட்கும் சுக்குத் தண்ணீர், இதெல்லாம் விறகடுப்பில். நான் பிறந்து வளர்ந்தது சேலம் அம்மாபேட்டை. அங்கே விறகுக் கடையில் புளியங்கட்டையும் வேலிக்காத்தானும் காய்ந்தே கிடக்கும், எடை போட்டு வாங்கிவந்து சொருகினால் எரியும். மலை அப்படி இல்லை. சேலத்தில் சட்டை காயும் நேரத்தில் இங்கே கைக்குட்டைகூடக் காயாது. 1,500 மீட்டர் உயரத்தில், பனியும் மழையும் மாறி மாறி வரும் ஊரில், விறகடுப்பு வேலையில் பாதி தீக்குச்சியை எடுப்பதற்குப் பல மாதம் முன்பே நடந்தாக வேண்டும்.

முதலில் விறகு

கட்டை அப்படியே எரிவதில்லை. சூடு ஏறியதும் அதற்குள்ளிருந்து ஆவி கிளம்புகிறது, அந்த ஆவி பற்றிக்கொள்வதைத்தான் சுவாலை என்று பார்க்கிறோம். காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படி ஆவியாகிப் போகக்கூடியது, மீதிதான் கரியாகிக் கங்காகக் கனன்று எரியும். அந்த ஆவி முழுசாக எரிய இரண்டு வேண்டும்: 600 டிகிரி அளவுக்குச் சூடு, தாராளமாகக் காற்று. ஏதாவது ஒன்று குறைந்தால் ஆவி எரியாமல் புகையாக வெளியேறும். கண்ணில் எரிவதும், கூரையில் கரியாகப் படிவதும், பாத்திரத்தில் பிசுபிசுவென்று ஒட்டுவதும் அந்த எரியாத விறகுதான்.

ஈர விறகு இந்த இடத்தில்தான் கெடுக்கிறது. அப்போது வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீர் இருக்கும். குளிர்ந்த தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, கொதிக்கும் அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க அதைப்போல் ஆறு மடங்குக்கு மேல் வேண்டும். அந்தச் செலவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய நட்டம் வேறு: தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை தீயின் சூடு ஏறாது, சூடு ஏறாதவரை விறகின் ஆவி எரியாது. ஒரு கட்டை ஈரமாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் நல்ல கட்டையையும் சேர்த்துக் குளிர வைக்கும். அடுப்பில் வைக்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

அதைக் கருவி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கணீரென ஒலிக்கும், ஈரக்கட்டை 'தொப்' என்று அமுங்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். பட்டை கையோடு உரிந்து வர வேண்டும். எனக்குப் பிடித்த வழி தராசு. அடுக்கிலிருந்து ஒரு கட்டையை எடுத்துச் சாக்பீஸால் அடையாளம் போட்டு, பத்து நாளைக்கு ஒரு முறை காப்பிக்கொட்டை நிறுக்கும் தராசில் வைத்துப் பார்ப்பேன். எடை குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டால் அந்த அடுக்கு தயார்.

எங்கள் பக்கம் எளிதாகக் கிடைப்பது சில்வர் ஓக். காப்பிக்கு நிழலுக்கும் மிளகுக் கொடி ஏறவும் வைத்த மரம். கோடாலிக்குச் சுலபமாகப் பிளக்கும், சீக்கிரம் காயும், சட்டென்று பற்றும், ஆனால் கங்கு நிற்காது. பற்றவைக்கவும் அவசரத்துக்கும் நல்லது. நின்று எரிய வேண்டுமானால் காப்பிக் கட்டைக்கு நிகர் கிடையாது. அறுவடை முடிந்து கவாத்து பண்ணும்போதும், கிழட்டுச் செடிகளைத் தூரோடு எடுக்கும்போதும் கிடைக்கும் கை மொத்தக் கட்டை அது. கனமானது, கங்கு வெகுநேரம் இருக்கும், குழம்பு மெதுவாகக் கொதிக்க அதுதான் சரி. கல்யாண முருங்கையை விறகென்று யாராவது இனாமாகக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை. காய்ந்தால் தக்கை, போட்ட வேகத்தில் காணாமல் போகும். தைலமரம் நன்றாக எரியும், காய்வதற்குமுன் பிளந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கோடாலிதான் வளையும். வேலியோரம் மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடியின் காய்ந்த குச்சி அருமையான சுள்ளி, முள்ளுக்கு மட்டும் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்புக்காட்டுப் பக்கம் கத்தி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தோட்டத்துக் கிளையும் கவாத்துக் கட்டையும் ஒரு குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும்.

அரளிக் குச்சியை அடுப்பில் வைக்கவே கூடாது, அதன் புகையும் விஷம். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பழைய கட்டில் சட்டம் இதெல்லாமும் வேண்டாம்.

காயவைக்க இங்கே கிடைப்பது தை மாதக் கடைசியிலிருந்து சித்திரைவரை உள்ள காலம்தான். வைகாசி, ஆனியில் தென்மேற்குப் பருவமழை தொட ஆரம்பித்துவிடும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை கொட்டும், மார்கழியில் பனி. ஆகவே தை, மாசியில் வெட்டி, உடனே பிளந்துவிட வேண்டும். பட்டையோடு உருண்டையாக விட்டால் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே வர வழியில்லை. மணிக்கட்டு மொத்தத்துக்கு மேல் எதையும் பிளக்காமல் விடாதீர்கள். நீளம் ஒரு முழம் போதும்.

அடுக்கும்போது கீழே கல்லோ பழைய கட்டையோ கொடுத்துத் தரையைத் தொடாமல் தூக்கி வையுங்கள். கரையானுக்கும் ஈரத்துக்கும் தரைதான் வாசல். வெட்டுமுகம் காற்றடிக்கும் பக்கம் பார்க்கட்டும். மேலே மட்டும் தகரம், பக்கம் நான்கும் திறந்திருக்க வேண்டும். நீலத் தார்ப்பாயைத் தலையோடு கால் போர்த்திக் கட்டிவிட்டு "மழை படாம வெச்சிருக்கேன்" என்று சொல்பவர்கள் ஊரில் நிறையப் பேர். உள்ளிருந்து கிளம்பும் ஈரம் தார்ப்பாயில் பட்டு மறுபடி விறகிலேயே சொட்டும், ஆடி மாதம் திறந்து பார்த்தால் காளான் இருக்கும்.

வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். அடுக்கில் பாம்பு, தேள், பூரான் எல்லாம் குடியிருக்கும். எடுக்கும் முன் கோலால் நான்கு தட்டு தட்டுங்கள், இடுக்கில் வெறுங்கையை நுழைக்காதீர்கள், இருட்டிய பிறகு எடுக்கவே வேண்டாம். மறுநாள் விறகைச் சாயங்காலம் வெளிச்சத்திலேயே உள்ளே கொண்டுவந்து வைத்துவிடுவது என் பழக்கம். அடுப்பிலிருந்து கை எட்டாத தூரத்தில் சுவரோரம் வைத்தால் போதும், ராத்திரிச் சூட்டில் மேலீரம் போய்விடும். அடுப்பு மேடைமேலேயே விறகைச் சாய்த்துவைத்துவிட்டுத் தூங்கப் போவது வேண்டாம். அடுப்புக்கு நேர் மேலே பரண் கட்டி விறகு அடுக்குவது அந்தக் காலத்து வழக்கம், எங்கள் அத்தை வீட்டிலும் இருந்தது. இப்போது அதில் வெங்காயம்தான் இருக்கிறது.

அடுப்பைப் பற்றிக் கொஞ்சம்

எங்களுடையது மண்ணும் செங்கலும் வைத்துக் கட்டிய இரட்டை அடுப்பு, புகைபோக்கியோடு. 1980களில் நாடு முழுக்க மேம்பட்ட அடுப்புத் திட்டம் என்று அரசு நடத்தியபோது 'புகையில்லா அடுப்பு' என்று ஊர் ஊராகக் கட்டிக்கொடுத்தார்களே, அந்த மாதிரி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அஸ்திரா அடுப்பு உருவானதும் அதே காலத்தில்தான். மூன்று கல் வைத்து எரித்தால் விறகின் வெப்பத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். ஒழுங்காகக் கட்டிய அடுப்பில் அது 20, 30 சதவீதம்வரை வரும். அதாவது அதே சோற்றுக்குப் பாதி விறகு.

உங்கள் அடுப்பு எந்த வகையானாலும் மூன்றைச் சரிபாருங்கள். ஒன்று, விறகுக்கு அடியில் காற்று போக வழி. வெறும் தரையில் விறகு கிடந்தால் சாம்பல் மூடிக்கொள்ளும். விரல் மொத்தக் கம்பிகளை இடைவெளி விட்டு வெல்டிங் பண்ணிய சின்னச் சட்டம் ஒன்றை உள்ளே வைத்து அதன்மேல் விறகு எரியவிட்டால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும். எந்தப் பட்டறையிலும் செய்து தருவார்கள். இரண்டு, பாத்திரம் உட்காரும் குமிழின் உயரம். பாத்திரத்துக்கும் அடுப்பு விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி போதும். அதற்கு மேல் போனால் சூடு பக்கவாட்டில் ஓடிவிடும், குறைந்தால் தீ மூச்சு முட்டும். மூன்று, இரட்டை அடுப்பானால் கொடியடுப்பின், அதாவது முன் அடுப்பின் சூட்டிலேயே காயும் இரண்டாவது அடுப்பின், வாய் எப்போதும் மூடியிருக்க வேண்டும். அங்கே ஒரு தவலை தண்ணீரை நிரந்தரமாக உட்கார வைத்துவிடுங்கள். திறந்து கிடந்தால் புகைபோக்கி அந்த ஓட்டை வழியாக அறைக்காற்றை இழுக்கும், முன் அடுப்பில் இழுவை செத்துப்போகும்.

பற்றவைப்பது

நேற்றைய சாம்பலை அள்ளிவிட்டு ஒரு விரல் கனத்துக்கு மட்டும் விடுங்கள். கம்பிச் சட்டத்துக்குக் கீழே அடைத்திருந்தால் அதைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும்.

பனி மூடிய காலையில் புகைபோக்கி முழுக்கக் குளிர்ந்த காற்று கனமாக உட்கார்ந்திருக்கும். அது இறங்கப் பார்க்கும், புகை மேலே போகாமல் அறைக்குத் திரும்பும். ஆகவே விறகு அடுக்குவதற்கு முன்பே கொடியடுப்புப் பாத்திரத்தைத் தூக்கிவிட்டு, புகைபோக்கி தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடிக் காய்ந்த சருகையோ செய்தித்தாளையோ கொளுத்துங்கள். 'குப்'பென்று எரிந்து அரை நிமிடத்தில் முடிந்துவிடும். குழாய் சூடேறி இழுக்க ஆரம்பித்ததும் பாத்திரத்தை மறுபடி வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் இதைச் செய்யாமல் நான் பற்றவைப்பதே இல்லை.

அப்புறம் அடுக்கு. கட்டைவிரல் மொத்தத்தில் இரண்டு குச்சிகளை இணையாக, வாய்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கி வையுங்கள், நடுவே நான்கு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் பற்றுபொருள். தென்னம் பன்னாடை, தேங்காய் நார், காய்ந்த சோளத்தட்டை எதுவானாலும் சரி. தென்னை மலையில் அதிகமில்லை, சேலத்துக்குப் போய் வரும்போது அம்மா வீட்டிலிருந்து ஒரு சாக்கு பன்னாடை பஸ்ஸில் என்னோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வரும். இங்கேயே கிடைக்கும் நல்ல சரக்கு ஆரஞ்சுத் தோல். மேடை ஓரத்தில் போட்டு மொறுமொறுவென்று காயவிட்டால் தோலில் இருக்கும் எண்ணெய்க்குச் சுறுசுறுவென்று பிடித்துக்கொள்ளும், வாசமும் நன்றாக இருக்கும். ஈரக்காலத்தில் சின்னச் சூடத்துண்டு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.

பற்றுபொருளின் மேல் குறுக்காகச் சுள்ளி, பென்சில் மொத்தம், ஒரு பிடி. அதற்கு மேல் எதிர்ப்பக்கமாகச் சுண்டுவிரல் மொத்தச் சிராய் நாலைந்து. கண்ணுக்கு இடைவெளி தெரிய வேண்டும், நெருக்கி அமுக்காதீர்கள். அடியில் தீக்குச்சியைக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். முதல் மூன்று நிமிடம் ஊதவும் வேண்டாம், கிளறவும் வேண்டாம். சிராய் எல்லாம் பற்றிச் சடசடத்த பிறகு விறகு ஒன்று, அது பற்றியதும் இன்னொன்று.

பாத்திரத்தை எப்போது ஏற்றுவது? சுள்ளி எரியும்போதே குளிர்ந்த தவலையை மேலே வைத்தால் சுவாலை அதன் அடியில் பட்டுக் குளிர்ந்து கரி அப்பும். விறகு பிடித்துத் தீ நிலைத்த பிறகு வையுங்கள். அதற்குள் அரிசி களைந்துவிடலாம்.

சீமெண்ணெய் ஊற்றாதீர்கள். பெட்ரோல், தின்னர், கை கழுவும் சானிடைசர் எதுவும் கூடாது. அணைந்ததுபோல் தெரியும் கங்கின்மேல் ஊற்றுவது எல்லாவற்றையும்விட மோசம். எண்ணெய் ஆவியாகி அறைக்குள் பரவி, பிறகு ஒரேயடியாகப் பிடிக்கும், கையில் இருக்கும் பாட்டில்வரை தீ ஓடி வரும். பால் கவரை மடித்துக் கொளுத்தும் பழக்கமும் வேண்டாம். சுலபமாகத்தான் பற்றும், ஆனால் உருகிச் சொட்டும் பிளாஸ்டிக் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு உரிக்கும், புகையும் நெஞ்சுக்குக் கேடு. எங்கள் வீட்டில் பால் கவர் அடுப்படிக்குள்ளேயே வராது.

விறகு தள்ளுவது

இனி வேலை உட்கார்ந்துகொண்டு செய்வது. அடுப்பு வாயில் எந்த நேரமும் மேல்பாதி காலியாக இருக்க வேண்டும். இரண்டு, மிஞ்சினால் மூன்று விறகு, நடுவே விரல் போகும் சந்து. முனை மட்டும் எரிய வேண்டும், எரிய எரியக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். ஒற்றைக் கட்டை தனியாக எரியாது, ஒன்றின் சூடு இன்னொன்றுக்கு வேண்டும். நான்கு, ஐந்து என்று திணித்தாலும் எரியாது, காற்று போக இடம் இருக்காது. "ஒருவாட்டியா போட்டுட்டா அடுத்த வேலையப் பாக்கலாமேக்கா" என்பார்கள். போட்டால் முதலில் கரும்புகை, அப்புறம் தீ வாய்க்கு வெளியே நாக்கு நீட்டும், அடுத்த வேலை அதை அணைப்பதுதான்.

தீயைக் கூட்டுவதும் குறைப்பதும் விறகால்தான். கூட்ட வேண்டுமானால் பிளந்த மெல்லிய சில்வர் ஓக் ஒன்று. குறைக்க வேண்டுமானால் விறகை வெளியே இழுத்துவிடுங்கள், கங்கு வேலையைப் பார்த்துக்கொள்ளும். காற்றை அடைத்துத் தீயைக் குறைக்கப் பார்க்காதீர்கள், அது புகையைக் கூட்டும் வழி.

ஊதாங்குழல் கையைவிட்டு இறங்காமல் இருக்கிறதென்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். விறகு ஈரம், இல்லையென்றால் சாம்பல் அடைப்பு. ஊத வேண்டி வந்தால் சுவாலையை நோக்கி ஊதாமல் கங்கின் அடியைக் குறிபாருங்கள், நீளமாக, மெதுவாக. குழலை வாயிலிருந்து எடுத்து, முகத்தைத் திருப்பி மூச்சு இழுங்கள். குழலோடு மூச்சை இழுத்தால் சாம்பலும் புகையும் நேரே நெஞ்சுக்குள் போகும்.

புகையின் நிறத்தைப் படிக்கப் பழகுங்கள். வெள்ளைத் திரள் என்றால் ஈரமும் எரியாத ஆவியும். கறுப்பு என்றால் விறகு அதிகம், காற்று குறைவு. மங்கலாக நெளிந்தால் சரி. குளிர்காலத்தில் நல்ல தீயிலும் முனையில் கொஞ்சம் வெண்மை தெரியும், அது வெறும் நீராவி, ஒரு முழம் போவதற்குள் காற்றில் கரைந்துவிடும். கரையாமல் காப்பிச் செடிமேல் படுத்துத் தவழ்ந்து போனால் அது புகை.

விறகை மிச்சம் பிடிக்கச் சமையல் பக்கமும் வழி உண்டு. ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ போட்டாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. சேலத்தில் வேகும் நேரத்தில் பருப்பு இங்கே வேகாததற்குக் காரணம் அதுதான், தீயைக் குறை சொல்லிப் பயனில்லை. பருப்பையும் பயறையும் ஊறவையுங்கள், மூடி போடுங்கள், கொதி வந்ததும் தீயைப் பாதியாக இழுத்துவிடுங்கள். குக்கர் இருந்தால் அதையே ஏற்றலாம், ஆனால் கங்கு சூட்டில் விசில் வந்த பிறகும் அழுத்தம் உடனே இறங்காது. விறகை இழுத்துவிட்டு, குக்கரையும் இறக்கி வையுங்கள். பாத்திரத்தின் வெளிப்பக்கம் ஈரச் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டு ஏற்றினால் கரி அதோடு கழன்று வந்துவிடும்.

ஆபத்து எங்கே இருக்கிறது

சேலையானாலும் நைட்டியானாலும் அடுப்படியில் பருத்தி. குளிருக்கு நைலான் ஸ்வெட்டரும், தொங்கும் சால்வையும், கம்பளி போலவே இருக்கும் சிந்தெடிக் ஷாலும் போட்டுக்கொண்டு அடுப்புமுன் குந்துவது இங்கே சகஜம். பொறி பட்டால் பருத்தி எரியும், நைலான் உருகித் தோலோடு ஒட்டும். முந்தானையை இடுப்பில் செருகி, கூந்தலை முடிந்துகொண்டு உட்காருங்கள். உடுப்பில் பிடித்துவிட்டால் ஓடக்கூடாது. தரையில் விழுந்து உருள வேண்டும், பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையால் மூடி அமுக்க வேண்டும். சுட்ட இடத்தில் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பேனா மையும் பற்பசையும் நெய்யும் ஒன்றும் வேண்டாம். பெரிய காயமென்றால் 108.

வடை, பஜ்ஜி போடும் நாளில் கூடுதல் கவனம். எண்ணெய்ச் சட்டி குமிழில் ஆடாமல் நிற்கிறதா என்று ஏற்றும் முன்பே பாருங்கள். எண்ணெய் பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், விறகை இழுத்துவிட்டு மூடியைப் போட்டு மூடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் தரும் ஆபத்து ஒன்று உண்டு, அதில் புகையே கிடையாது. மார்கழியில் அறைக்கு வருகிறவர்கள் வெளியே தீ மூட்டிக் குளிர்காய்ந்துவிட்டு, "அக்கா, இந்தக் கங்க ஒரு சட்டில போட்டுக் குடுங்க, ரூமுக்குள்ள வெச்சுக்கிறோம்" என்று கேட்பார்கள். தர மாட்டேன். கோபித்துக்கொண்டாலும் தர மாட்டேன். செக்கச்செவேல் என்று புகையில்லாமல் கனலும் கங்கிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு நிறைய வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது. இரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி வரும். தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது. சன்னல் சாத்திய மலையறைக்குள் கரியடுப்பை வைத்துத் தூங்கி, எழாமலே போனவர்களைப் பற்றிய செய்திகள் நம் மலை ஊர்களிலிருந்தே வந்திருக்கின்றன. கதவை ஒருக்களித்து வைத்தால் போதும் என்பதும் தப்பு. கூடுதலாக இரண்டு கம்பளியும் வெந்நீர்ப் பையும் கொடுத்துவிடுகிறேன்.

அடுப்படிக்கும் இதே கணக்குதான். புகைபோக்கி இருந்தாலும் எதிரெதிராக இரண்டு திறப்பு வேண்டும், கதவும் ஒரு சன்னலும். ராத்திரி வேலை முடிந்து, கங்கு சாகும் முன்பே குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிடாதீர்கள். அடுப்படியில் யாரும் படுக்கவும் கூடாது.

கரி தட்டுவது, சாம்பல் அள்ளுவது

எரியாத புகை குழாயின் உட்பக்கம் குளிர்ந்து கறுப்பாகப் படியும். தினமும் எரிக்கும் மாதங்களில் மாதம் ஒரு முறை தட்டிவிடுங்கள். கயிற்றின் நடுவே பழைய சாக்குத் துணியைப் பந்தாகச் சுற்றிக் கட்டி, மேலிருந்து இறக்கி இழுத்தால் போதும். மூக்கை மூடிக்கொள்ளுங்கள். பழைய கல்நார் சிமென்ட் குழாயாக இருந்தால் சுரண்டவோ அறுக்கவோ வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. வெறும் துணி போதும். வருவது காய்ந்த கரித்தூளாக இருந்தால் நல்லது. தார் மாதிரி பளபளவென்று ஒட்டியிருந்தால் உங்கள் விறகு ஈரம், அல்லது காற்று பற்றவில்லை.

அந்தப் படிவு ஒரு நாள் உள்ளேயே பிடித்துக்கொள்ளலாம். குழாய்க்குள் 'கோ'வென்று இரைச்சல் கேட்கும், முனையில் பொறி பறக்கும். விறகை இழுத்து வெளியே போடுங்கள், அடுப்பு வாயையும் கொடியடுப்பையும் தகரத்தாலும் ஈரச் சாக்காலும் அடைத்துக் காற்றை நிறுத்துங்கள், எல்லோரும் வெளியே வந்து 101க்குக் கூப்பிடுங்கள். சூடான குழாயில் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். குழாய் கூரையைத் துளைத்துப் போகும் இடத்தில் மரச்சட்டமோ ஓலையோ தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று இன்றைக்கே ஏறிப் பாருங்கள். ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும், நடுவே தகரம் கொடுத்தால் இன்னும் நல்லது.

சமையல் முடிந்ததும் விறகை இழுத்து, எரியும் முனையை மணலில் அழுத்தி அணையுங்கள். அடுப்புக்குள் தண்ணீர் தெளித்தால் மண் வெடிக்கும், முகத்தில் சாம்பல் ஆவி அடிக்கும். அணைத்த கொள்ளிக்கட்டையைப் பத்திரப்படுத்துங்கள், மறுநாள் அதைவிட விரைவாகப் பற்றும் விறகு கிடையாது.

சாம்பலுக்குள் கங்கு ஒரு ராத்திரி முழுக்க உயிரோடு இருக்கும். மேலே வெள்ளையாகக் குளிர்ந்து கிடப்பதை நம்பிப் பிளாஸ்டிக் வாளியில் அள்ளாதீர்கள். மூடி போட்ட தகர டப்பாவில் அள்ளி, வெளியே மண் தரையில் ஒரு நாள் வைத்திருங்கள். மாசி, பங்குனியில் சருகு காய்ந்து கிடக்கும்போது இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலைச் சரிவில் அந்த மாதங்களில் காட்டுத்தீ பிடிப்பதை அடிவாரத்திலிருந்தே பார்க்கலாம், வேலியோரம் கொட்டிய ஒரு முறம் சாம்பல் அதற்குப் போதும். முழுக்க ஆறிய பிறகு சலித்து, கரித்துண்டை அடுப்புக்குத் திருப்பிவிட்டு, மென்சாம்பலைச் செடி ஒன்றுக்கு ஒரு பிடி அளவில் தூரைவிட்டுத் தள்ளித் தூவலாம். சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் அதில் உண்டு, புளிப்பேறிய மலைமண்ணுக்கு ஏற்றது. யூரியா போட்ட வாரத்தில் மட்டும் தூவ வேண்டாம், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.